அமுதவள்ளி காரின் மஞ்சள் விளக்கு

தாமான் செந்தோசா குடியிருப்பில் அமுதவள்ளியின் காரைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் போன வாரம் குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஜப்பான் கார். வாங்கும்போது கரும்பச்சை. இப்போது கூரையும் பானெட்டும் வெயிலில் வெளுத்துப்போய், என்ன நிறம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி, காலை பத்தேகால் மணிக்கு அது கேட்டைத் தாண்டி வெளியே வரும். பக்கத்து சீட்டில் நாகையா, மடியில் மடித்த போர்வையோடு. ஸ்டியரிங்கில் அமுதவள்ளி. பதினோரு மணிக்குள் கிள்ளான் டவுனில் உள்ள டயலிசிஸ் சென்டரில் புருஷனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

நாகையா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். நாற்பதடிக் கண்டெய்னரை ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, பீடியைப் பற்றவைத்தபடி இறங்கிவரும் ஆள். சர்க்கரை வந்து சிறுநீரகத்தை முடித்து, கண்ணிலும் கை வைத்தது. லைசென்ஸை எடுத்து அலமாரியில் வைத்தார். அன்றிலிருந்து சாவி அமுதவள்ளியிடம். அவளுக்கு இப்போது அறுபத்தொன்று. பிரேக் பிடித்தால் மடியில் இருக்கும் போர்வைகூட நகராது, அப்படி ஓட்டுவாள்.

அந்தக் காருக்குத்தான் வில்லங்கம் வந்தது. என்ஜினைக் கிளப்பி முதல் தடவை பிரேக்கை மிதித்ததுமே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். என்ஜினை நிறுத்தும்வரை அணையாது. பின்னால் பிரேக் விளக்கு ஏதோ ஒன்று போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ஆனால் போகவில்லையே! சுவரை ஒட்டிக் காரைப் பின்னால் நிறுத்தி அவள் மிதித்துப் பார்த்தாள். வெள்ளைச் சுவரில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சிவப்பாக விழுந்தது. இரண்டும் நன்றாக எரிகிறது. பிறகு இந்த மஞ்சள் சனியன் எதற்கு எரிகிறது?

ஐந்து வாரம் அதோடேயே ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மகன் ஜீவன் அதைப் பார்த்துத் தொலைத்தான். அவனுக்கு பங்சாரில் வேலை, செமினியில் வீடு. காரை ஓரமாக நகர்த்தி வைக்கிறேன் என்று ஏறினவன், சாவியை ஆட்டிக்கொண்டே அடுப்படிக்கு வந்தான்.

"அம்மா, பிரேக் வார்னிங் எரியுது. எத்தனை நாளா?"

"அது கெடக்கு. லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"அஞ்சு வாரம் இருக்கும்."

"அஞ்சு வாரமா? இதுலயா அப்பாவ கூட்டிட்டுப் போறீங்க? மழையில பின்னால ஒரு லோரிக்காரன் வந்து சாத்துனா யாரு பதில் சொல்றது?"

"லைட்டு எரியுதுன்னு சொல்றேன்லடா. வந்து நீயே பாரு."

அவன் பார்க்கவில்லை. பார்க்கிற உத்தேசமும் இல்லை. ஏற்கெனவே எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். செமினி வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறது. அங்கேயும் டயலிசிஸ் சென்டர் இருக்கிறது, இடம் கேட்டு வைத்தாயிற்று. காரைப் பொட்டோங் கடைக்காரன் எடுத்துக்கொள்வான். பழைய காரை அறுத்துச் சாமான் சாமானாகப் பிரித்து விற்கிறவன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனுடைய லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

"யாரைக் கேட்டுடா லோரிய வரச் சொன்னே?"

"அப்பா சரின்னுட்டாரு."

அமுதவள்ளி திரும்பி நாகையாவைப் பார்த்தாள். அவர் தன்னுடைய தண்ணீர் பாட்டிலில் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அந்தக் கோடுவரைதான் அவருக்குத் தண்ணீர்.

"புள்ள பயப்படுறான் வள்ளி. நமக்கும் வயசாச்சு லா," என்றார்.

செமினி வீட்டை அவளுக்குத் தெரியும். மேட்டுமேல் கட்டிய வரிசை வீடு. பஸ் கிடையாது. ஒரு கட்டு கீரை வாங்க வேண்டும் என்றாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். மருமகள் தங்கமானவள்தான். தங்கமானவளாகவே இருக்கட்டும், அவள் முன்னால் போய் ஒவ்வொன்றுக்கும் நிற்பது எத்தனை நாளைக்கு? இந்தக் கார் போனால் இந்த வீடு போகும். வீடு போனால் அமுதவள்ளி கீழ் அறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான்.

"சரி, கேட்டுக்க," என்றாள். "சனிக்கிழமைக்குள்ள அந்த லைட்ட அணைச்சுக் காட்டுறேன். அணைஞ்சா காரு இங்கதான். நாங்களும் இங்கதான்."

"அணையலன்னா?"

"அணையலன்னா லோரியில ஏத்திக்க. என்னையும் தூக்கி அதுமேல வச்சிக் கட்டிக்க."

ஜீவன் சிரித்துவிட்டான். நடக்கப்போகிற காரியமா என்று நினைத்திருப்பான். "டீல்," என்று கையை நீட்டினான். அவள் கரண்டியோடு இருந்த கையையே நீட்டினாள்.

திங்கட்கிழமை காலையிலேயே கார் ரிப்பேர் பார்க்க லோகனுடைய பெங்கலுக்குப் போனாள். லோகன் அந்த வட்டாரத்தில் பேர்போன மெக்கானிக், போமன் என்பார்கள். இரண்டு பிரேக் பல்பையும் கழற்றிப் புதுசு மாட்டினான். மாட்டிவிட்டுப் பின் கண்ணாடிப் பக்கம் குனிந்தான். அங்கே, பின்சீட்டுக்குமேல் உள்ள பலகையில், ஒரு சாண் உயரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் வேல் ஒன்று நிற்கிறது. உள்ளே குண்டு பல்பு இரண்டு. பிரேக் பிடித்தால் வேல் முழுக்கச் சிவப்பாக எரியும். பின்னால் வருகிற தமிழர்கள் எல்லாம் அதைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். லோகன் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, வேலைத் தொட்டும் தொடாமலும் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சாமியே எரியுது. இனிமே ஒண்ணும் பிரச்சினை வராது ஆன்டி."

வண்டியைக் கிளப்பி மிதித்தாள். மஞ்சள் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை நாகையாவைச் சென்டரில் விட்டுவிட்டு, ஜாலான் மேருவில் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் ஆ செங்கிடம் போனாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரைமேல் விழுந்த சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஆ செங் பல்பு மாட்டும் குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். துருப்பிடித்த எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். வேல் பக்கம் வந்ததும் ஒரு சுத்தமான துணியை எடுத்து அதைப் பதமாக மூடினார்.

"இது சாமி சாமான் ஆன்டி. நான் தொட மாட்டேன்," என்று மலாயில் சொன்னார். அவர் கடையிலும் மூலையில் சிவப்பு மாடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

அவரும் மிதித்துப் பார்த்தார். மஞ்சள்.

பிறகுதான் அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டினார். காருக்குப் பின்னால் சாமான் வைக்கும் பூட்டுக்குள்ளே, இடதுபுற அட்டைக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் இருந்தது. இடது பல்புக்குப் போகும் கரண்டையும் வலது பல்புக்குப் போகும் கரண்டையும் இதுதான் நிறுத்துப் பார்க்குமாம், தராசு மாதிரி. ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்து பல்பு போய்விட்டது என்று மஞ்சளை எரியவிடும். பெட்டிக்கு வயசாகிவிட்டது, அதனால் தப்பாக நிறுக்கிறது என்று சொன்னார். புதன்கிழமை எங்கிருந்தோ அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் மஞ்சளைத்தான் எரியவிட்டது. ஆ செங் தலையைச் சொறிந்துகொண்டு, இந்தப் பெட்டியும் கெட்டதாக இருக்கலாம் என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் லோகனே வீட்டுக்கு வந்தான்.

"ஆன்டி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. டேஷ்போர்ட கழட்டி அந்த மஞ்ச பல்பையே புடுங்கிடுறேன். பத்து நிமிஷ வேலை. ஜீவன் வந்து பாப்பான், எரியாது. கதை முடிஞ்சுது."

நாகையாகூடத் தலையாட்டினார். அமுதவள்ளிக்கு வந்ததே கோபம்!

"ஏன் லோகா, நான் என்ன களவாணியா? நெசமாவே ஒரு நாளு பல்பு போச்சுன்னா எனக்கு யாரு சொல்லுவா? இவர வச்சுக்கிட்டுல்ல ஓட்டுறேன்!"

"இல்ல ஆன்டி, ஒரு ஹெல்ப்புக்குத்தான்..."

"இந்த ஹெல்ப்பு எனக்கு வேணாம். டீ குடிச்சிட்டுப் போ."

அவன் டீ குடிக்காமலேயே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமுதவள்ளி முள்ளங்கி வெட்டிக்கொண்டிருந்தாள். நாகையாவுக்குக் காய் என்றால் இரண்டு தண்ணீர் வடிக்க வேண்டும். ஒரு தடவை வேகவைத்துக் கொட்டி, மறுபடி வேகவைத்துக் கொட்டினால்தான் அதிலிருக்கும் உப்புச்சத்து போகும். ருசியும் அதோடு போய்விடும். மிஞ்சுவதில் கொஞ்சம் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு ஏதோ ஒரு சாம்பார் என்று பேர் பண்ணுவாள். முதல் தண்ணீரை வடித்துக் கொட்டும்போதுதான் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை நாள் ஆண்பிள்ளைகள் பின்னாலேயே அலைந்தாளே, தான் யார் என்பதை மறந்துபோனாளே!

சுங்கைவே பேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் அவள் வேலை பார்த்தது கியூசியில். லைனில் வரும் ரேடியோ போர்டுகளில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அங்கே ஒரு போர்டு ரிஜெக்ட் ஆனால் யாரும் உடனே சாமானைக் கழற்ற மாட்டார்கள். முதல் கேள்வி இதுதான்: எந்த ஷிப்டிலிருந்து இது ஆரம்பித்தது, அதற்கு முந்தின ஷிப்டில் யார் என்ன மாற்றினார்கள்? இந்தக் கேள்வியை லோகனும் கேட்கவில்லை, ஆ செங்கும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு.

அடுப்பை அணைத்துவிட்டுக் காலண்டரிடம் போனாள். ஒவ்வொரு டயலிசிஸ் நாளிலும் நாகையாவின் எடையை அதில்தான் எழுதுவாள். தாள்களைப் பின்னால் தள்ளினாள். ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தில் எடைக்குக் கீழே அவள் கையெழுத்திலேயே இருந்தது, 'மஞ்ச லைட்டு'. அதற்கு முந்தின நாள் புதன்கிழமை. ஆயுத பூஜை.

"என்னங்க, ஆயுத பூஜைக்கு நம்ம காருக்கு என்னென்ன செஞ்சோம்?"

"கழுவுனோம். சந்தனம் வச்சோம். எலுமிச்சம்பழம் ஏத்தி நசுக்குனோம். ஏன் வள்ளி?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஜீவன் பத்துமலையில வாங்குனேன்னு வேல கொண்டாந்து வச்சான். பூட்டுல தலைய விட்டுக்கிட்டு அரை மணி நேரம் வயரு போட்டான்..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்திரிங்க," என்றாள். "வந்து பிரேக்க மிதிங்க. நான் பூட்டுல இருக்கணும், மஞ்சளப் பாக்க ஒரு ஆளு வேணும்."

"நானா? டிரைவர் சீட்டுலயா?"

"பின்ன, முருகனா வந்து மிதிப்பாரு?"

மழை நின்று வெயில் ஈரத்தில் பளபளத்தது. நாகையா கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே நுழைந்தார். மூன்று வருஷம் கழித்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்கிறார். இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடதுகை பழக்கத்தில் கியர் பக்கம் போனது. அமுதவள்ளி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி பின்னால் போய் பூட்டைத் திறந்தாள்.

இடதுபுற அட்டையைப் பிரித்தாள். இடது பிரேக் விளக்குக்குப் போகும் வயரில் நடுவே தோலைச் சீவி, வேலுடைய வயரைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. தராசு கண்ணெதிரே தெரிந்தது. இடது பக்கம் ஒரு பல்போடு வேலும் சேர்ந்து கரண்டைக் குடிக்கிறது. வலது பக்கம் ஒரே பல்புதான். பெட்டி பாவம், வலது பல்பு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஐந்து வாரமாகக் கத்தியிருக்கிறது. லோகன் கும்பிட்டான், ஆ செங் துணி போட்டு மூடினார், யாரும் அந்த வயரைத் தொடவில்லை. சாமியாயிற்றே!

"வேலு வயரப் புடுங்கப் போறியா? வெள்ளிக்கிழம அதுவுமா!" நாகையா முன்னாலிருந்து பதறினார்.

"எம்பெருமானே," என்றாள் அமுதவள்ளி வேலைப் பார்த்து, "உனக்கு ஊரெல்லாம் வெளிச்சம் இருக்கு. எனக்கு இந்தக் காரு ஒண்ணுதான். கோவம் வந்தா எம்மேல காட்டு." டேப்பைப் பிரித்து வயரை உருவினாள். "கிளப்பி மிதிங்க!"

என்ஜின் கிளம்பியது. அமுதவள்ளி பூட்டு மூடிக்குப் பக்கமாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க?"

"எரியல வள்ளி."

"நிறுத்திட்டு மறுபடி கிளப்புங்க. மிதிங்க."

"எரியல. எரியலடி!"

அதோடு விடவில்லை. குறை போய்விட்டது என்று மட்டும் சொன்னால் பேக்டரி லைனில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், திரும்பவும் வரவைத்துக் காட்ட வேண்டும். வயரைப் பழையபடி சுற்றினாள். மஞ்சள் எரிந்தது. உருவினாள். எரியவில்லை. மூன்று தடவை செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நாகையா வீதிக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அமுதவள்ளி மறுபடி வயரைச் சுற்றி வைத்துவிட்டு பூட்டை மூடினாள். காரியம் அவள் கண்முன்னால் நடந்துவிட்டது. மகன் கண்முன்னாலும் நடக்க வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு லோரி வந்து கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஜீவன் தன் காரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினான். லோரிக்காரர் சங்கிலியை எடுத்து, "பாஸ், ஏத்தட்டுமா?" என்றார்.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் பொறுங்க," என்றாள் அமுதவள்ளி. "ஜீவா, ஏறி மிதி."

மிதித்தான். "எரியுதும்மா," என்றான், கொஞ்சம் வருத்தமாகவே.

"ஆஃப் பண்ணு." பூட்டில் குனிந்து வயரை உருவினாள். "இப்ப கிளப்பி மிதி."

அவன் மிதித்தான். குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தான். மறுபடி மிதித்தான்.

"என்னம்மா செஞ்சீங்க?"

"வந்து பாரு. யாரு போட்ட வயருன்னு நல்லாப் பாரு."

வந்து பார்த்தான். தன் கையால் ஒட்டிய டேப் அம்மாவின் விரலில் தொங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை என்ன சொல்ல! நாகையா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி குலுங்கிச் சிரித்தார். லோரிக்காரரும் சிரித்தார்.

ஆனால் ஜீவன் சிரிக்கவில்லை. "சரிம்மா. இது என் தப்பு. ஆனா இன்னைக்கு லைட்டு, நாளைக்கு வேற ஒண்ணு வரும். இருபத்தேழு வருஷத்துக் காரு. உங்களுக்கும் அறுபத்தொண்ணு. காரு போகட்டும்மா. நான் வந்து கூட்டிக்கிறேன்."

அமுதவள்ளி டேப்பைச் சுருட்டிக் கீழே போட்டாள்.

"அப்ப லைட்டு எரியுதுன்னு நீ காரப் புடுங்க வரல. காரப் புடுங்கணும்னு வந்தே, லைட்டு வாட்டமா கெடச்சுது."

அவன் திரும்பிப் பூட்டைச் சாத்தினான்.

"சொல்லுடா."

"பயமா இருக்கும்மா," என்றான். "ஆபீஸ்ல இருக்கும்போது உங்க நம்பர் வந்தாலே எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுறேன். எங்க இடிச்சாங்களோ, அப்பாவுக்கு என்னாச்சோன்னு. உங்களுக்கு அது புரியாது."

அவளுக்குப் புரிந்தது. பெற்ற வயிறு, புரியாமல் என்ன? ஓடிப்போய்த் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. தடவினால் சாவியைக் கொடுத்துவிடுவாள் என்று பயந்து அப்படியே நின்றாள்.

"பயம் உன்னுது ஜீவா. அதுக்கு எங் காலை ஒடிக்காத. எனக்குக் கண்ணு தெரியலன்னா நானே சாவியக் கொண்டாந்து குடுப்பேன். உங்கப்பா குடுத்த மாதிரி. அதுவரைக்கும் நான்தான் ஓட்டுவேன்."

"வள்ளி சொல்றது சரிதான்டா," என்றார் நாகையா. "நான் அன்னிக்கு சரின்னது தப்பு. நான் எங்கியும் வரல."

அவள் லோரிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, வீணா வரவச்சிட்டோம், மன்னிச்சுக்குங்க. லோரியக் கொஞ்சம் பின்னால எடுங்க. பத்தேகாலாச்சு, நான் கார வெளிய எடுக்கணும்."

லோரிக்காரர் ஜீவனைப் பார்த்தார். ஜீவன் தலையாட்டினான். லோரி பின்னால் போனது.

"இன்னும் சந்தேகம்னா," என்றாள் ஏறி உட்கார்ந்து, "சென்டர் வரைக்கும் எம் பின்னாலயே வா. நான் எங்கெங்க பிரேக்கு புடிக்கிறேன், லைட்டு எரியுதா இல்லையான்னு உங் கண்ணாலயே பாத்துக்க."

வந்தான். சனிக்கிழமைக் கூட்டம். பாசாருக்குப் போகிற வேன்கள் குறுக்கே குறுக்கே பாய்ந்தன. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சைகையே காட்டாமல் வெட்டினான். அமுதவள்ளி பதறாமல் மிதித்தாள். நாகையாவின் மடியில் போர்வை நகரவில்லை. கண்ணாடியில் ஜீவனுடைய கார் ஒட்டிக்கொண்டே வந்தது. டேஷ்போர்டு வழி முழுக்க இருட்டாக இருந்தது.

"எப்படி வர்றான் பாரு, அட்டை மாதிரி," என்றார் நாகையா.

"வரட்டும்."

சென்டர் வாசலில் பதினொன்றுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது நிறுத்தினாள். ஜீவன் ஓடிவந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்து, கைத்தாங்கலாக இறக்கினான். பிறகு அவள் பக்கம் வந்து நின்றான். ஏதாவது ஒன்று சொல்லியே ஆக வேண்டும் அவனுக்கு.

"லைட்டெல்லாம் ஓகேம்மா. ஆனா அந்த ரெண்டாவது சிம்பாங்ல திரும்புறப்ப சிக்னல கொஞ்சம் லேட்டா போட்டீங்க."

அமுதவள்ளி என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டாள்.

"நீ ரொம்ப ஒட்டிக்கிட்டு வர்றே. இனிமே எம் பின்னால வந்தா ஒரு காரு எடம் விட்டு வா."